நாற்பதாம் நாள் குளியல் பொடி

பயம் எனக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். பல்லி விழுந்தால் பயம், தந்தி வந்தால் பயம், கடிதம் வராமலிருந்தால் அதற்கும் பயம். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில், மலைக்கோட்டைப் பாறை உருண்டு வந்து நம் ஓட்டின் மேல் விழுந்தால் என்ன செய்வது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இத்தனை காலம் விழாதது உனக்காகவா விழப்போகிறது என்றார். அதைக் கேட்டு ஊரே சிரித்தது. நான் மட்டும் அன்றிலிருந்து பாறையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் கோலம் போட்டேன்.

எங்கள் வீட்டின் முன்பக்கம் கடை. சீயக்காய்த் தூள், அரப்பு, குளியல் பொடி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், உடம்பு தேய்க்கப் பீர்க்கங்கூடு, பல் விளக்கக் கருவேலம்பட்டைப் பொடி, இவ்வளவுதான் வியாபாரம். சோப்பு கிடையாது. சோப்புக் கம்பெனி ஆள் பளபளவென்று சட்டைபோட்டு வந்து, பெட்டியைத் திறந்து வாசனை காட்டி, காப்பியும் குடித்துவிட்டு வெறுங்கையோடு போவார். கடையில் காகிதமும் கிடையாது. பொட்டலம் கட்டினால் பொடியில் காகித மை ஒட்டும் என்பது என் வீட்டுக்காரரின் வாதம். சாமான் வாங்க வருகிறவர்கள் செம்போ தூக்கோ ஓலைக் கொட்டானோ கொண்டு வர வேண்டும். மறந்து வந்தவர்களுக்குக் கடையிலிருந்தே மூடிபோட்ட தகர டப்பாவைக் கொடுப்போம். அடுத்த தடவை வரும்போது அதைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. புதிதாக அரைத்த பொடியை யாருக்கும் அளந்து கொடுப்பதற்கு முன்னால், வாங்க வந்தவர் கண்ணெதிரே ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொள்வார். “வாயில வைக்கக் கூடாதத மேல பூசலாமா?” என்பார். திண்டுக்கல்லிலேயே காலைப் பலகாரத்துக்குக் குளியல் பொடி தின்கிற மனிதன் உன் புருஷன் ஒருத்தன்தான் என்று என் நாத்தனார் கேலி செய்வாள். எனக்குக்கூட அது கொஞ்சம் கூத்தாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தச் சிட்டிகையைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் நம்பி வாங்கினார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு வீட்டில் மகளுக்குத் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. அவர்கள் வழக்கத்தில் நாற்பதாம் நாள் தாயையும் பிள்ளையையும் சிறப்பாகக் குளிப்பாட்டுவார்கள். அந்தக் குளியலுக்குப் பொடி எங்கள் கடையிலிருந்துதான் போக வேண்டும் என்று வீட்டு அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பச்சைக் குழந்தையின் மேலுக்கு என்பதால் கிச்சிலிக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் குறைத்து, பாசிப்பயறு கூட்டிப் போட வேண்டும். பார்த்தால் வீட்டில் பயறு போதவில்லை.

கைகொடுத்தது நிலக்கோட்டைப் பக்கத்து அக்கா. எங்களுக்கு உலர்ந்த ரோஜா இதழும் ஆவாரம்பூவும் கொண்டு வருகிறவள். சொந்தத்தில் மல்லிகைத் தோட்டம் இருந்தது. முந்தின தடவை எங்கள் டப்பா ஒன்றில் சீயக்காய் வாங்கிப் போயிருந்தாள். அதைத் திருப்பிக் கொண்டு வந்தபோது உள்ளே தளும்பத் தளும்பப் பாசிப்பயறு இருந்தது. யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பிடி அரிசியோ நாலு கத்தரிக்காயோ போட்டுத்தான் தருவோம். அவள் மனசு பெரிசு, டப்பா நிறையவே போட்டுவிட்டாள். அன்றைக்கும் இன்னொரு டப்பாவில் சீயக்காய் வாங்கிப் போனாள்.

பயறின் மேல் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. வண்டு விழாமலிருக்கப் பயறில் அடுப்புச் சாம்பலைப் பிசறி வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. சாம்பல் படிந்த பயறென்றால் வீட்டுப் பயறு, நம்பி வாங்கலாம். குளியல் பொடிக்குப் போகிற பயறைக் கழுவவும் மாட்டோம், ஈரம் பட்டால் பொடி புழுத்துவிடும். முறத்தில் இரண்டு தட்டுத் தட்டிப் புடைத்து, வெயிலில் காயவைத்து, மற்றதோடு சேர்த்து மெஷினுக்கு அனுப்பினேன். எதைப் பார்த்தாலும் பயப்படுகிற நான் அதைப் பார்த்துப் பயப்படவில்லை.

நாற்பதாம் நாள் காலையில் பேகம்பூர் வீட்டு வேலைக்கார அம்மா பித்தளைத் தூக்கோடு வந்தார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஒரு சிட்டிகையை வாயில் போட்டார். முகத்தைச் சுளித்தார். கொஞ்சம் கசக்கிறதே என்று இன்னொரு தடவை, இந்தத் தடவை தாராளமாகவே எடுத்துப் போட்டுச் சப்புக்கொட்டினார். கிழங்கு கொஞ்சம் முற்றல், பூசுவதற்குத்தானே, ஒன்றும் செய்யாது என்று சொல்லி அளந்து கொடுத்தார். இந்த மனிதருக்கு நாக்கு நீளம் என்று உள்ளே அடுப்படியில் நான் சிரித்துக்கொண்டேன்.

வேலைக்கார அம்மா போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. நிலக்கோட்டை அக்கா கடைக்குள் ஓடி வந்தாள். பூக்கூடை இல்லை. தலை முடியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டு, “தாயி, அந்தப் பயற என்ன செஞ்சீக?” என்று கேட்டாள்.

அரைத்தாயிற்று என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுகையும் பேச்சுமாக அவள் சொன்னது இதுதான். அது விதைக்கென்று தனியாக வைத்திருந்த பானை. மல்லிகை மொக்கில் புழு விழுந்தால் துணி மூட்டையில் கட்டி, செடி மேல் தட்டித் தூவுகிற பூச்சி மருந்துப் பொடியில் மிச்சமிருந்ததை அவள் புருஷன் அந்தப் பயறில் பிசறி வைத்திருக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் சாம்பல் என்றே நினைத்து அள்ளியிருக்கிறாள். அள்ளும்போது சிந்தின பயறைப் பெருக்கி மூலையில் ஒதுக்கி வைத்திருந்தாள். அதைக் கொத்தின கோழிகள் காலையில் விறைத்துக் கிடந்திருக்கின்றன. அப்போதுதான் புருஷன் வாயைத் திறந்தானாம்.

என் வீட்டுக்காரர் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த பொடி டின்னை இறக்கி மூடி, அதன் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “பொம்பளைங்க குளிக்கிற எடத்துக்கு நான் போக முடியாது. நீதான் போகணும். இப்பவே.”

“எனக்குப் பயமா இருக்குங்க.”

“பயந்துக்கிட்டே போ.”

போனேன். தெருமுனையில் ஒரு குதிரை வண்டி கிடைத்தது. வண்டிக்காரர் வெற்றிலையை மென்று முடித்துத்தான் சாட்டையை எடுத்தார். எனக்கு அந்தக் குழந்தையின் முகம் தெரியாது, ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. ஆனால் வழியெல்லாம் அதன் வாய்தான் கண்ணில் நின்றது. குளிப்பாட்டும்போது குழந்தை வாயைத் திறந்துகொண்டுதானே அழும், பொடி கரைத்த தண்ணீர் வாயில் போகாமல் இருக்குமா? கோழி எவ்வளவு தின்றிருக்கும், குழந்தைக்கு எவ்வளவு போதும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. நிறுத்து நிறுத்து என்று அதட்டினாலும் நிற்கவில்லை. குளியல் முடிந்து, சாம்பிராணி காட்டி, தொட்டிலில் போட்டு, பிள்ளை அசந்து தூங்குகிறது என்று எல்லாரும் சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் நான் போய் நின்றால்? தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்துப் பள்ளிவாசல் கண்ணில் பட்டதும் அங்கேயும் ஒரு கும்பிடு போட்டேன். தோல் பதனிடுகிற வாடை வந்ததும், எப்போதும் மூக்கைப் பொத்துகிறவள், வந்துவிட்டோம் என்று அழுதேன்.

அந்த வீட்டு வாசலில் பிரியாணிக்கு அண்டா இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரையும் கேட்காமல் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனேன். பின்கட்டு முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். மணையில் ஓர் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டிருந்தார். எண்ணெய் தேய்த்தாகிவிட்டது. பக்கத்துக் கிண்ணத்தில் பொடி குழைத்திருந்தது. குழந்தையின் பாதத்திலும் கெண்டைக்காலிலும் பச்சையாக அந்த விழுது.

நான் கிண்ணத்தைப் பிடுங்கினேன். கைதவறிக் கீழே கவிழ்ந்தது. நல்ல நாளில் யாரோ ஒருத்தி ஓடி வந்து குளியல் பொடியைத் தட்டிவிட்டால் எப்படி இருக்கும்? ஒரு பெண் என் தோளைப் பிடித்து இழுத்தாள். வீட்டு அம்மா எழுந்து வந்து, “என்னம்மா இது?” என்றார்.

“பொடி வேணாம்மா. பயறுல பூச்சி மருந்து கலந்துருச்சு. காலக் கழுவுங்க மொதல்ல.”

ஆளுக்கொரு செம்பாகத் தண்ணீர் வந்தது. கழுவினார்கள், கடலை மாவு கொண்டு வந்து தேய்த்து மறுபடி கழுவினார்கள். விழுது காலுக்கு மேல் ஏறவில்லை, முகத்துக்குப் போகவில்லை என்று குளிப்பாட்டுகிற அம்மா திரும்பத் திரும்பச் சத்தியம் செய்தார். இளந்தாய் அறைக்குள்ளிருந்து வந்து குழந்தையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது வீறிட்டு அழுதது. அந்த மாதிரி ஓர் இனிமையான சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. பெண் குழந்தை.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். வீட்டு அம்மா என் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, குடி என்றார். அப்போது காலையில் பொடி வாங்கி வந்த வேலைக்கார அம்மா தூணோரம் நின்றபடி கேட்டார்.

“தம்பி ரெண்டு தடவ வாயில போட்டாரேம்மா. அவருக்கு ஒண்ணும் இல்லையே?”

டம்ளர் என் கையிலிருந்து விழுந்தது.

வழியெல்லாம் நான் பயந்தேன், பயப்பட ஒன்று பாக்கியில்லாமல் பயந்தேன். அவரை மட்டும் நினைக்கவில்லை. அவரோ அந்த அக்கா சொல்லி முடித்த நிமிஷமே நினைத்திருப்பார். அம்மிக்குழவியைத் தூக்கி வைக்கும்போதே தெரிந்திருக்கும். தெரிந்துதான் என்னைத் துரத்தியிருக்கிறார்.

அந்த வீட்டு மோட்டார் காரிலேயே என்னை ஏற்றி அனுப்பினார்கள். அதுதான் நான் முதன்முதலில் காரில் ஏறியது. அதில் வந்தது எனக்கு ஞாபகமே இல்லை. கடையில் பலகை பாதி அடைத்திருந்தது. உள்ளே அவர் சுவரோரம் சாய்ந்திருந்தார், முகம் வெளுத்து, விரல்கள் நடுங்கிக்கொண்டு. நிலக்கோட்டை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, “புள்ள?”

“நல்லா இருக்கு. கால்ல மட்டுந்தான் பட்டுச்சு.” அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. “ஏங்க எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டியே” என்றார்.

உண்மைதான். போயிருக்கவே மாட்டேன்.

அதே காரில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் திட்டித் தீர்த்தார். குளியல் பொடியைத் தின்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வாந்தியெல்லாம் விஷத்தால் வந்ததா, கோழி செத்த கதையைக் கேட்ட பயத்தால் வந்ததா, டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று பகல் முழுக்க என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, நடுக்கம் குறைகிறதா கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் நடுக்கம் நின்று, பசிக்கிறது என்றார். நான் வராந்தாவுக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

பிறகு கடையில் சில மாற்றங்கள் வந்தன. எந்தப் பயறு வந்தாலும் யார் கொடுத்தாலும், கழுவி இரண்டு வெயில் அதிகம் காயவைத்துத்தான் அரைத்தோம். புழுத்தால் புழுக்கட்டும் என்றார் அவர். நிலக்கோட்டை அக்கா டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வெகு நாள் வரவில்லை. நானே ஆளனுப்பினேன். கூச்சப்பட்டுக்கொண்டு வந்தாள். டப்பாவுக்குள் ஒரே ஒரு தேங்காய் இருந்தது, அதை அங்கேயே உடைத்துத் தானும் ஒரு சில்லுத் தின்றாள். எங்களைக் கஷ்டப்படுத்தியது அந்த மிச்சப் பொடிதான். சீயக்காய்ச் சக்கையோ பயற்றம்பொட்டோ எங்கள் கடையில் மிஞ்சுவதெல்லாம் கொல்லையில் வாழைக்குப் போய்விடும். இதை எங்கே கொட்டுவது? குளத்தில் போட்டால் மீன், குழியில் போட்டால் கிணறு, குப்பையில் போட்டால் மாடு. கடைசியில் டின்னை ஈயம் வைத்து அடைத்துப் பரணில் ஏற்றினோம். அந்த வீட்டை விட்டு வரும்வரை அதன் கீழே நான் ஒருநாளும் படுத்ததில்லை.

அவர் மட்டும் மாறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவை மெஷினிலிருந்து பொடி வந்தது. அதற்காகக் காத்திருந்த பெண்ணின் முன்னால், வழக்கம்போல டின்னைத் திறந்து கையை நீட்டினார். அதற்குள் நான் அடுப்படியிலிருந்து வந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிட்டேன். கிழங்கின் காரம் தொண்டையில் ஏறியது. அவர் என்னையே பார்த்தார்.

“ஒனக்குப் பயமா இல்ல?”

“பயந்துக்கிட்டேதான் திங்கிறேன்” என்றேன்.