ஊதா என்று நான் சொன்ன நாள்

என் வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர். இருபத்தாறு வருஷமாக அதே கடை, அதே மேசை. பழைய சுவரிலிருந்து நகத்தளவு சில்லைச் சுரண்டிக் கொண்டுவந்து நீட்டினால் போதும், ஐந்தாறு டப்பாவைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டு அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். வீட்டில்தான் மனுஷனுக்கு எதுவும் கண்ணில் படாது. தோளில் கிடக்கும் துண்டை வீடெல்லாம் தேடுவார்.

போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஊதா கலந்து கொடுத்தார். முதல் நாள் டப்பாவும் மறுநாள் டப்பாவும் சுவரில் ஒத்துப்போகவில்லை என்று புகார் வந்திருக்கிறது. முதலாளி கத்தவில்லை. கண்ணை ஒரு தடவை டாக்டரிடம் காட்டச் சொன்னாராம். இவர் போகவில்லை. டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால் தெரிந்த ஒரே தொழிலும் போய்விடுமே என்ற பயம். இதில் ஒரு எழுத்துகூட அப்போது எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டம்தான். குளிர் தேசத்தில் இருக்கும் எங்கள் பெரியவள் காலிஃபிளவர் மாதிரிப் பூ வைக்கும் ஊதா ப்ராக்கோலியின் விதை அனுப்பியிருந்தாள். ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியறியாத மனுஷன், எட்டு காலி பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி விதைத்தார். எங்கள் ஊர்க் குளிர்காலம் என்பது விடிகாலையில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வதோடு சரி. மத்தியானம் மின்விசிறி சுற்றியாக வேண்டும். இவரோ வெயில் ஏறினால் வாளிகளை நிழலுக்கு இழுப்பார், இறங்கினால் வெளியே தள்ளுவார். இலையைத் திருப்பித் திருப்பிப் புழு பொறுக்குவார். எனக்குச் சிரிப்பாக வரும். ஒரு பக்கம் பொறாமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்றாம் மாதம் செடியின் நடுவில் பூ வைத்தது. ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார்.

“இது என்ன நிறம்?”

பார்த்தேன். பச்சை. விதை உறையில் கறுத்த ஊதா, வாளியில் சுத்தப் பச்சை. மூன்று மாதம் பிள்ளை மாதிரி வளர்த்த மனுஷனின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஊதாதான். நல்ல ஊதா.”

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் பேயறைந்தது போல ஆயிற்று. தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று கடைக்குப் போனவர் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பூ வந்ததற்கா ஒரு மனுஷன் சோறு தண்ணியில்லாமல் படுப்பான்?

நாலாம் நாள் முதலாளியே வீடு தேடி வந்தார்.

“என்னம்மா இது, நீங்க ஊதான்னு சொன்ன பூ தனக்குப் பச்சையாத் தெரியுது, கண்ணு போயிடுச்சுன்னு கடைச் சாவியக் கொடுத்துட்டு வந்துட்டாரே. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

பள்ளிக்கூடத்துச் சுவர் விஷயத்தையும் அப்போதுதான் சொன்னார். அவரை அனுப்பிவிட்டு உள்ளே ஓடினேன்.

“என்னங்க, அது பச்சைதாங்க. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். நிதானமாகக் கேட்டார்.

“அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?”

“இப்ப சொல்றது சத்தியம்.”

“அன்னைக்கும் இதே முகத்தோடதான் சொன்ன.”

எனக்கு அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். புள்ளி புள்ளியாக எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகத்தை நீட்டினார் டாக்டர். இவர் ஒன்றுவிடாமல் வாசித்தார். நிறம் பிரிப்பதில் ஒரு குறையும் இல்லை, கிட்டப்பார்வைக்கு மட்டும் கண்ணாடி போதும் என்றுவிட்டார். அப்புறம் பள்ளிக்கூடத்துச் சுவர் ஏன் ஒத்துப்போகவில்லை? அது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பூ ஏன் பச்சையானது என்பதைப் பெரியவள் போனில் சொன்னாள்.

“அம்மா, அதுக்குக் குளிர் வேணும். சூடா இருந்தா ஊதா ஏறாது, பச்சையாவே நின்னுடும்.”

இதைப் பொட்டலத்தோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் இவள் என்ன குறைந்தா போயிருப்பாள்? நன்றாகத் திட்டினேன். அவளைத் திட்டித் தீருகிற விஷயமா அது.

அவர் வேலைக்குத் திரும்பினார். தை கடைசியில் நிஜமாகவே ஒரு வாரம் குளிர் வாட்டியது. நடுப்பூவை வெட்டிய செடிகளில் பக்கவாட்டில் சின்னச் சின்னப் பூ கிளம்பியிருந்தது. ஒரு காலையில் பார்த்தால் அத்தனையும் ஊதா, உறையில் இருந்த அதே ஊதா. என்னை மறந்து கைதட்டினேன். அவரும் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

அந்த நேரம் தபால்காரர் வாசலில் மணி அடித்தார். இவர் ஒரு பூவைக் கிள்ளி எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

“தம்பி, இது என்ன நிறம்?”

“ஊதா சார்.”

“அப்படியா,” என்று சிரித்தபடி வந்து பூவை என் கையில் கொடுத்தார். அவ்வளவு நேரமும் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், என்னிடம் கேட்கவில்லை.