டிஸ்க்கில் எடுத்த மார்க்

போன செவ்வாய்க்கிழமை ஒரு லேப் வாசலில் கவரும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். பிரிக்கத் தைரியம் வரவில்லை. உள்ளே இருந்தது ஜெபராஜின் ரத்தப் பரிசோதனை முடிவு. சாமி கும்பிட்டதென்னவோ நான்!

ஜெபராஜ் யார்? ஆறாம் வகுப்பிலிருந்து பாளையங்கோட்டையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது கணக்கு வாத்தியார். என் உயிர் நண்பன்... என் வயிற்றெரிச்சலின் நிரந்தர முகவரி. நான் எழுபது எடுத்தால் அவன் எழுபத்தொன்று எடுப்பான். பத்து, இருபது என்று முந்தியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மார்க்!

ஐந்து மாதத்துக்கு முன் அவனுக்கு முதுகுவலி வந்தது. மறுநாளே எனக்கும் வந்தது. (மறுநாள் — கவனிக்கவும்.) இரண்டு பேரும் ஸ்கேன் எடுத்தோம். எனக்கு, ‘உட்காருகிற விதம் சரியில்லை’ என்றார்கள். அவனுக்கு முதுகெலும்பில் டி.பி.

நுரையீரலில்தானே டி.பி. வரும்? எலும்பிலும் வருமாம். இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கை அரித்து, நரம்பையும் அழுத்திவிட்டது. கால் இரண்டும் மரத்துப்போய், அவசர ஆபரேஷன்.

நான் என்ன செய்தேன்? வண்ணார்பேட்டை டீக்கடையில் அவன் குடித்த கிளாஸில் மிச்சத்தைக் குடித்தது ஞாபகம் வந்து, டாக்டரிடம் ஓடிப்போய் இருமிக் காட்டினேன். “முதுகுல இருக்கிற டி.பி. டீ கிளாஸ்ல ஒட்டாது சார். உங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

“அதான் ஒண்ணும் இல்லன்னுட்டாகளே... பின்ன ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கிய?” என்றாள் மனைவி.

எப்படிச் சொல்வேன்? அவன் கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். ஆப்பிள், முட்டை, ஜெபம். உவரியிலிருந்து பழைய மாணவன் ஒருவன், ‘சாருக்குச் சத்து வேணும்’ என்று சீலா மீனே கொண்டுவந்தான். என் முதுகுவலிக்கு வந்தது? பாதி பிதுக்கிய தைல டியூப்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து சில நாளில் ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா ஒருவர் வார்டுக்கு வந்தார். வெட்டி எடுத்த டிஸ்க் துண்டை, அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வைத்திருந்தார்களாம். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடியது. என் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

“சார், உங்க டிஸ்க்ல மார்க் ரொம்ப ஹை. நாங்க பாத்ததுலயே நீங்கதான் டாப்.”

எனக்குள் என்னவோ தீய்ந்தது. படுத்துக்கொண்டேவா! அரித்துப்போன டிஸ்க்கிலுமா முதல் மார்க்!

“மேடம்... என் டிஸ்க்கையும் கொஞ்சம் பாக்க முடியுமா?”

கேட்டேவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மார்க் இல்ல சார், மார்க்கர். என்சைம் மார்க்கர். கிருமியோட சண்டை போடுறப்ப உடம்பு ஒரு என்சைமைச் சுரக்கும். அது கிருமியை விட்டுட்டு டிஸ்க்கையே கரைச்சிடுது. அது கூடக்கூட சேதமும் கூடுதான்னுதான் பாத்துட்டு இருக்கோம்.”

ஜெபராஜ் சிரித்தான். “ஏலே, இதுலயுமா பொறாமை? வேணும்னா நீ வந்து இங்கன படுலே. நான் டீக்கடை வரைக்கும் நடந்து போயிட்டு வந்திருதேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கால் கட்டைவிரலில் இருந்தது. அதை அசைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அசையவில்லை.

போர்வையை இழுத்து அந்தக் காலை மூடிவிட்டேன்.

அப்புறம் மாத்திரை, இடுப்பில் பெல்ட், வாக்கர். டிஸ்க்கை மறுபடியும் வெட்டிப் பார்க்க முடியாதே... அதனால் ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். என்று ஒரு எண்ணைப் பார்ப்பார்களாம். முதலில் எண்பத்தெட்டு. அது இறங்கினால் மருந்து கேட்கிறது. இறங்காவிட்டால் இன்னொரு ஆபரேஷன்கூட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கவர்தான் செவ்வாய்க்கிழமை என் கையில். நாற்பது வருடமாக அவன் மார்க் குறைய வேண்டும் என்று வேண்டாத சாமியில்லை. அன்றும் அதையேதான் வேண்டினேன். முதல் தடவையாக யோக்கியமாக.

பிரித்தேன். பதினெட்டு!

“ஃபெயில்லே நீ! பதினெட்டுதான்லே!” என்று ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக் கத்தினேன். லேப் வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் ஒரு காலை இறக்கினான். அடுத்த காலையும் இறக்கினான். வாக்கரை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு, பைய ஆறு அடி நடந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கினான்.

“சரி... ஒனக்கு எவ்வளவுலே?”

ஆமாம், நானும் ரத்தம் கொடுத்திருந்தேன். இருமல் நின்றாலும் பயம் நிற்க வேண்டாமா? சட்டைப் பையிலிருந்து என் கவரை எடுத்துப் பிரித்தேன்.

பதினேழு.

படுபாவி... மறுபடியும் ஒரு மார்க் கூட!