ராஜினி தொட்ட முதல் கார்

கண்டாவளைப் பக்கம் உழவு இயந்திரம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ராஜினியிடம் ஏச்சு வாங்கிய கதை ஒன்று இருக்கும். ஒயில் மாற்றாமல் ஓடினவனுக்கு ஏச்சு, இரவல் கொடுத்துக் கெடுத்தவனுக்கு அதைவிட ஏச்சு. ஆனால் விதைப்பு நேரத்தில் உழவு மெசின் நின்றுவிட்டால் அத்தனை பேரும் அவள் மெசின் திருத்துகிற கொட்டிலுக்குத்தான் ஓடுவார்கள். தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். கணவன் இறந்தபோது மிஞ்சியது ஒரு பழைய மெசின்தான். அதைத் தானே கழற்றிப் பூட்டித் தொழிலைப் பிடித்தாள்.

அவள் தொட்ட முதல் கார் என் தம்பி சுதாகரனுடையது. தம்பி ஒரு காலத்தில் லொறி ஓடினவன். கடைசிச் சண்டையில் இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அதோடு ஓட்டமும் நின்றது. கொழும்பிலிருந்த எங்கள் சித்தப்பா கனடாவுக்குப் போகும்போது தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வந்ததே கோபம்! இரண்டு பேர் இருக்கலாம், ஒரு நெல்மூட்டை வைக்க இடமில்லை. அதுவும் இடது கையால் கியர் மாற்றுகிற கார். இவனுக்குப் போய் அதைக் கொடுக்க எந்த மூளை சொன்னது? விற்றுவிட்டு ஓட்டோமற்றிக் ஒன்று எடு என்றேன். அவன் கேட்கவில்லை. மிஞ்சின இடது முழங்கையால் கியர் தடியைத் தள்ளி இந்தக் காரைத்தான் ஓடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். சண்டைக்குப் பிறகு அவன் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

கியர் தடிக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் ஒரு இணைப்புக் கம்பி உண்டு. அது இடம் விலகியிருந்ததால் முதலாம் கியர் விழுகிற இடத்தில் விழாது. விரல் உள்ளவர்கள் தடியை மெல்ல அசைத்துத் தேடி விழுத்திவிடுவார்கள். வவுனியாவில் பார்த்த மெக்கானிக்கும் அப்படித்தான், பழகினால் சரிவரும் என்று அனுப்பிவிட்டார். விரல் இல்லாதவன் எதைக்கொண்டு தேடுகிறது? அவன் தள்ளினால் தள்ளின இடத்தில் விழ வேண்டும்.

ராஜினி முதலில் காரைப் பார்க்கவேயில்லை. தம்பியைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் மண்வெட்டிப் பிடி ஒன்றை நட்டு, அதைத் தள்ளச் சொல்லிப் பார்த்தாள். பிறகு காரை ஜக்கில் உயர்த்தி, கியர்பொக்ஸுக்குக் கீழே பனங்குற்றியை முண்டு கொடுத்து, கம்பியைச் சரிசெய்தாள். கொட்டிலுக்குள் நாலு கியரும் அழகாக விழுந்தன.

மறுநாள் அவளே காரைப் பிள்ளையார் கோயிலடிக்கு ஓட்டி வந்தாள். முன் சில்லுகள் ஏறி நசுக்கட்டும் என்று கீழே இரண்டு தேசிக்காய் வைத்தோம். தம்பி ஏறி இருந்து, முழங்கையால் முதலாம் கியருக்குத் தள்ளி, கிளச்சை விட்டான். கார் பின்னுக்குப் போனது. வேடிக்கை பார்க்க வந்த ஐயாத்துரையின் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. தேசிக்காய் இரண்டும் முழுசாகக் கிடந்தன. சனம் சிரித்தது. கையில்லாத ஆளுக்கு ஏன் உந்த ஆசை என்று ஐயாத்துரை கேட்டார். தம்பி இறங்கி என்னிடம் வந்தான்.

“வித்துப்போடு அக்கா. இனி நான் ஏற மாட்டன்.”

அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அப்போதுதான் ராஜினி கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

“பிழை என்ரை. அவர் சரியாத்தான் தள்ளினவர். கியர்தான் சொல்லுக் கேக்கேல்லை.”

அதோடு விட்டாளா? இரண்டு கையும் உள்ள ஐயாத்துரை போன போகத்தில் மெசினை வேலிக்குள் விட்ட கதையையும் எடுத்துச் சொன்னாள். இப்போது சனம் அவரைப் பார்த்துச் சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த நாள் நான் ராஜினிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கொட்டிலில் அவளும் இல்லை, காரும் இல்லை. வயலில் வற்றிக் கிடந்த வாய்க்காலுக்குக் குறுக்கே இரண்டு தடித்த பலகை போட்டு, அதன்மேல் காரை ஏற்றிவிட்டு, அவள் வாய்க்காலுக்குள் படுத்திருந்தாள். பிழை பிடிபட்டுவிட்டது. உழவு இயந்திரத்தில் கியர்பொக்ஸ்தான் முதுகெலும்பு, அசையாது. எந்தக் குற்றியை முண்டு கொடுத்தாலும் ஒன்றுதான். காரில் அது றப்பரில் தொங்குகிறது. பனங்குற்றி அதை ஒரு விரலளவு தூக்கியிருக்கிறது. தூக்கின நிலையில் கம்பியை இறுக்கிவிட்டாள். குற்றியை எடுத்ததும் கியர்பொக்ஸ் கீழே இறங்கி, கணக்குப் பிழைத்து, முதலாம் கியருக்குத் தள்ளினால் பக்கத்திலிருக்கிற பின் கியர் விழுந்திருக்கிறது. அவள் கோயிலுக்கு ஓட்டி வந்தபோது விரல்கள் தாங்களாகவே தேடி விழுத்தியிருக்கின்றன. மெசின்காரிக்கு மட்டும் வரக்கூடிய பிழை என்று தன்னையும் ஒருபாட்டம் ஏசினாள்.

அப்படியென்றால் கோயிலடியில் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“அப்ப ஒண்டும் தெரியாதக்கா. தெரிஞ்சாப்பிறகு சொல்லுவம் எண்டு நிண்டா, அதுக்குள்ள அந்த மனுசன் உடைஞ்சு போயிருப்பார்.”

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. உடம்பெல்லாம் புழுதியும் கிறீசும், எங்கே பிடிக்கிறது?

முண்டு எதுவும் இல்லாமல், கியர்பொக்ஸ் தன்பாட்டில் தொங்க, கம்பியைத் தளர்த்தி மறுபடி பூட்டினாள். பூட்டிவிட்டுச் சைக்கிள் டியூப்பைக் கீலமாக வெட்டி, தன் இடது கையை மடக்கித் தோளோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். இறுக்கிக் கட்டினேன். முழங்கை மட்டும் வெளியே நின்றது. அந்த முழங்கையால் தள்ளித் தள்ளி வயல் ரோட்டில் போவதும் வருவதுமாக இருந்தாள். கியர் விழாதபோதெல்லாம் திரும்ப வாய்க்காலுக்குள் இறங்கினாள். பின்னேரம்வரை அதே வேலை.

தம்பியை நான்தான் இழுத்து வந்தேன். வரமாட்டேன் என்றவன், கை கட்டியபடி அவள் காரை ஓட்டி வந்து நிறுத்தியதைப் பார்த்ததும் காரடிக்குப் போனான். அவள் இறங்கி, காரின் திறப்பைக் கழற்றி நீட்டினாள்.

அவன் ஏறினான். என்னையும் ஏறச் சொன்னான். முழங்கை தடியைத் தள்ளியது. கார் முன்னுக்குப் போனது. இரண்டாம் கியர் விழுந்தது, மூன்றாம் கியரும் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். சண்டை முடிந்த நாளிலிருந்து ஆசுப்பத்திரிக்கோ கடைக்கோ நாங்கள்தான் அவனை ஏற்றி இறக்கினோம். பிரதான ரோட்டில் ஏறும்போது தம்பி என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, எங்க இறக்கிவிட?”

போக எனக்கு ஒரு இடமும் இருக்கவில்லை. தூரமாக இருக்கட்டும் என்று பரந்தன் சந்தி என்றேன்.