இடது ஓரத்துக் கோடு

பல்கலைக்கழகப் பின்வாசலுக்கு எதிரே, ஆறடிக்கு எட்டடி அறை ஒன்றில், மனித குலத்தின் அறிவு முழுவதும் பதினோரு வருடங்களாக ஒரே பெண்மணியின் கைவழியே போய்க்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் அக்கா என்றால்தான் தெரியும். பேராசிரியர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இயற்பியல், சட்டம், தத்துவம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதாவது, எது எத்தனை பக்கம் என்பது.

அவருடைய இயந்திரத்தின் கண்ணாடியில் ஒரு கீறல். எதை நகலெடுத்தாலும் இடது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கும். அந்தக் கோட்டோடு மூன்று பேர் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார்கள். "கண்ணாடிய மாத்திடலாம்க்கா" என்று மெக்கானிக் வரும்போதெல்லாம் சொல்வார். "மாத்தலாம், மாத்தலாம். முதல்ல என் தங்கச்சி படிச்சு முடிக்கட்டும்" என்பார் அக்கா.

அந்தத் தங்கை எதிரே வேதியியல் இரண்டாம் ஆண்டு. தாய் தகப்பன் போனபிறகு அக்கா வளர்த்த பிள்ளை. கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் இருவருக்கும் வீடு. தன் அக்கா யார் என்று தங்கை வகுப்பில் மூச்சு விட்டதில்லை. அக்காவுக்கு அது தெரியும். தெரியாததுபோல் இருக்கவும் தெரியும்.

தேர்வுக்கு முந்தைய மாதம் கடைக்கு ஒரு இளைஞர் வரத் தொடங்கினார். எப்போதும் சிரித்த முகம். அக்கா அவருக்குச் சிரிப்புத் தம்பி என்று பேர் வைத்தார். 'தேர்வு பயமா? தனிமையா? மனநிம்மதி வட்டத்துக்கு வாருங்கள், தேநீர் உண்டு' என்று நோட்டீஸ் கொண்டுவருவார். எந்தக் கடவுள் என்று நோட்டீஸில் இருக்காது. கடவுள் நாலாவது கூட்டத்தில்தான் அறிமுகமாவார் என்பது பிற்பாடு தெரிந்தது. முதல் மூன்று கூட்டமும் பிஸ்கட்டோடு சரி.

ஒருநாள் கையால் எழுதிய கடிதம் ஒன்றை நீட்டினார். "அக்கா, நூத்தி எண்பது காப்பி. நல்ல தாள்ல போடுங்க."

கறுப்பு மையில் முத்து முத்தான எழுத்து. 'அன்புள்ள' என்று ஆரம்பித்து, பேர் வரவேண்டிய இடம் காலி. 'நேற்றுப் பிரார்த்தனையில் உன் முகம் மட்டுமே எனக்குத் தெரிந்தது. நீ உள்ளே அழுவது உன் வீட்டாருக்குப் புரியாது. இப்படி வேறு யாருக்கும் நான் எழுதியதில்லை.'

"வேற யாருக்கும் எழுதலன்னு போட்டிருக்கே தம்பி?"

"ஆமாக்கா, எழுதல. ஜெராக்ஸ்தானே எடுக்கறோம்!"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே திட்டிக்கொள்ளும் நாள் பின்னால் வரப்போகிறது.

"இந்தக் கோடு விழாம எடுக்க முடியாதா?" என்றார் சிரிப்புத் தம்பி.

"அது கடை முத்திரை. பிடிக்கலன்னா எதிர்க்கடைக்குப் போ."

எதிர்க்கடையும் ஜெராக்ஸ் கடைதான், ஆனால் அன்று அங்கே கூட்டம். போகவில்லை.

வீட்டில் தங்கை பேச்சைக் குறைத்தாள், பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். எது கேட்டாலும் "உனக்குப் புரியாதுக்கா" என்றாள். பரீட்சைக் காய்ச்சல் என்று அக்கா விட்டுவிட்டார். பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு, மாலையில் கடையை மூடிவிட்டுப் பின்னறைக்குப் போனால், தங்கை பையோடு நிற்கிறாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"வட்டத்து வீட்டுக்கு. இனிமே அங்கதான். பரீட்சை எழுதல, காலேஜும் வேணாம்."

"என்னடி உளர்ற?"

"அங்க என்னை மனுஷியா பாக்கறாங்க. உனக்கு எத்தனை பக்கம்னு மட்டும்தானே தெரியும்!" தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "எனக்காக உக்காந்து கையால எழுதியிருக்காங்க. நீ எனக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கியா?"

அக்கா வாங்கிப் பார்த்தார். எழுத்தைப் பார்க்கவில்லை. இடது ஓரத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழே இறங்கியது கோடு.

அக்கா அப்படியே தாள்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். தன் வீட்டுப் பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு போக வந்த கடிதத்தை, நல்ல தாளில், தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"விரலக் குடு" என்றார் கடைசியில். "பின்பக்கம் தடவு."

தங்கை தடவினாள். வழவழவென்று இருந்தது.

"இப்ப மேல, உன் பேருக்குப் பின்னாடி."

விரல் நின்றது. பேனா அழுத்திய தடம் பொடிப்பொடியாகக் குத்தியது.

"உன் பேர் மட்டும்தாண்டி பேனா. மிச்சமெல்லாம் நம்ம மெஷின்."

"பொய் சொல்ற."

அக்கா கடைக்குப் போய் வீணான தாள்களைக் கிளறி, மை திட்டாய் விழுந்த ஒரு பிரதியோடு வந்தார். அதே 'அன்புள்ள'. பக்கத்தில் காலி இடம். தங்கை அதை வாங்கித் தன் கடிதத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"எத்தனை?"

"நூத்தி எண்பது." பிறகு அக்காவே சேர்த்துச் சொன்னார்: "நல்ல தாள்."

தங்கை அந்த வீணான பிரதியைத் திருப்பினாள். வீணான தாளின் பின்பக்கத்தில்தான் அக்கா கடைக்கணக்கும் சாமான் பட்டியலும் எழுதுவது வழக்கம். சோப்பு. பல்பு. தங்கச்சிக்குக் கனமான போர்வை, ராத்திரி நடுங்குது. அந்த வரியின் மறுபக்கத்தை அவள் விரலால் தடவினாள். எல்லா எழுத்தும் குத்தியது.

பை நாலு நாள் கதவோரமே கிடந்தது. பரீட்சைக்குப் பேனாவை அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனாள்.

மாணவர் நலப்பிரிவு ஏற்கெனவே இந்த வட்டம் போன்றவற்றைப் பற்றிப் பன்னிரண்டு பக்க எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. அக்காவிடம்தான் நகல், அதற்கும் கோடு உண்டு. யாரும் படிக்கவில்லை. தங்கை எழுதிக் கடை வாசலில் ஒட்டியது ஒரே வரி: 'உங்களுக்காக மட்டும் எழுதிய கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள், தடவிப் பார்த்துச் சொல்கிறோம்.' கீழே 'அக்காவும் தங்கையும்' என்று கையெழுத்து. வகுப்பே படித்தது.

முதல் வாரம் இருபத்துமூன்று பேர் வந்தார்கள். வரும்போது ஏளனச் சிரிப்பு, போகும்போது பேயறைந்த முகம். சிரிப்புத் தம்பி அந்தப் பக்கமே வரவில்லை. கணிதத் துறை மாணவி ஒருத்தி மட்டும் கடிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னோடதுல கோடே இல்ல! பாருங்க, எனக்கு நிஜமாவே எழுதியிருக்காங்க!"

தங்கை தாளைத் திருப்பி, கண்ணை மூடி, மெல்லத் தடவினாள்.

"உக்காரு" என்றாள். "இது எதிர்க்கடை. அவங்க கண்ணாடி புதுசு."