ஐந்தாவது சிபாரிசுக் கடிதம்

என் மனைவி லீதியாளுக்கு எழுத வராத கடிதம் என்று ஒன்று இருக்கும் என நான் கனவிலும் நினைத்ததில்லை. தென்காசி கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் இருபது வருஷமாக டைப்பிங் கடை வைத்திருப்பவள். பட்டா மாற்ற, வாரிசுச் சான்று கேட்க, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை ஏற்றிக் கட்டியதைக் கலெக்டரிடம் முறையிட, எல்லாவற்றுக்கும் அவள்தான். மனு கொடுக்க வந்தவன் பாதி சொல்வதற்குள் "போதும், உக்காருங்க" என்று மீதியைத் தானே அடித்து முடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு நாலு வரிக் கடிதம் ஒன்று ஆறு வாரமாக வரவில்லை.

அந்த நாலு வரி இதுதான்: எங்கள் சபையைச் சேர்ந்த ஷெர்லினை நாங்கள் நன்கு அறிவோம், அவரை மலாவி நாட்டுக்கு மிஷனரியாக அனுப்பச் சபை மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறது. கீழே சபையின் மிஷனரிச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஜூலை முப்பத்தொன்றுக்குள் அது மிஷனரி சங்கத்துக்குப் போய்ச் சேராவிட்டால் இந்த வருஷம் இடமில்லை. மிஷனரிச் செயலாளர் என் மனைவி. ஷெர்லின் எங்கள் ஒரே மகள்.

லீதியாள் செயலாளரான பதினைந்து வருஷத்தில் எங்கள் சபை நாலு பேரை அனுப்பியிருக்கிறது. மூன்று பேர் வடக்கே, ஒருத்தி கம்போடியாவில். நாலு பேருக்கும் சிபாரிசுக் கடிதம் எழுதியது இவள்தான். அடுப்பில் பால் பொங்குவதற்குள் எழுதிய கடிதங்கள் அவை. பால் பொங்கிக்கூட வழிந்ததில்லை.

மிஷனரி ஊழியம் என்றால் அவளுக்கு வேறொன்றும் கண்ணில் படாது. எங்கள் சபைப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் மிஷனரிகளுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துத் தகரத்தில் போட்டுவைப்பார்கள். மாதக் கடைசியில் எல்லா வீட்டு அரிசியும் சபைக் கோயிலில் ஒரே சாக்கில் கொட்டி ஏலம் விடப்படும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, எவர் வீட்டிலோ பிரியாணிக்கு வாங்கியதில் மிஞ்சியது, எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அதை எவன் கேட்பான்? ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். செயலாளருக்கு மானம் போகும். உடனே செயலாளரே கேட்டு வாங்கி என் தலையில் தூக்கி வைப்பாள். ஒரு கவளத்தில் பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருக்கும் சோற்றை நான் பதினைந்து வருஷமாகத் தின்று வருகிறேன். மிஷனரிகளுக்காகப் பாடுபடுகிறவர்கள் பட்டியல் என்று ஒன்றைப் போட்டால் என் வயிற்றையும் சேர்க்க வேண்டும்.

போதாததற்கு விருந்தாளிகள். எனக்கு ஐந்தருவியில் சிப்ஸ் கடை. சீசன் மூன்று மாதம் ஓடினால்தான் மீதி ஒன்பது மாதம் அடுப்பு எரியும். ஆனால் எந்தத் தேசத்தில் ஊழியம் செய்கிற மிஷனரிக்கும் விடுமுறை சரியாகக் குற்றாலச் சீசனில்தான் விழும். அது தேவ சித்தமாம். குடும்பத்தோடு எங்கள் வீட்டில் இறங்குவார்கள். எண்ணெய்ச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு அவர்களை அருவிக்கு நடத்திக்கொண்டு போக வேண்டியவன் நான். என் வீட்டுத் துண்டுகள் குஜராத் வரைக்கும் போயிருக்கின்றன.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆள் பிடிக்கப் போவாளே, அதைத்தான் என்னால் பார்க்க முடியாது. ஒவ்வொரு மிஷனரி ஞாயிறன்றும் மைக்கைப் பிடித்து, "டாக்டருக்குப் படிக்க வைக்கோம், இன்ஜினியருக்குப் படிக்க வைக்கோம், கர்த்தருக்குன்னு ஒரு பிள்ளையக் குடுக்க நம்ம சபையில தாய்மாரே இல்லையா?" என்று கேட்பாள். தாய்மார் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். அதோடு விடமாட்டாள். மறுவாரம் வீடு வீடாகப் போவாள்.

அப்படிப் போய்ப் பிடித்ததுதான் வேதக்கனியக்காவின் மகன் ஜெயசிங். அக்காவுக்கும் அவன் ஒருத்தன்தான். புருஷன் இறந்தபின் அச்சன்புதூரில் தன் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்து பீடி சுற்றி அவனைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒடிசா மலையில் ஒரு பள்ளிக்கூட விடுதியைப் பார்த்துக்கொள்ளப் போனவன். இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

ஜூன் மாதம் சாரல் ஆரம்பித்த அன்று, ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடித்து வந்த ஷெர்லின் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, நான் சங்கத்துக்கு அப்ளை பண்ணியிருந்தேன்லா, கூப்பிட்டுட்டாங்க. மலாவில ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு" என்றாள்.

வீடே அதிர ஒரு ஸ்தோத்திரம் கேட்டிருக்க வேண்டிய நேரம். கேஸ் சிலிண்டர் ஒருநாள் முந்தி வந்தாலே ஸ்தோத்திரம் சொல்லுகிறவள் லீதியாள். அன்றைக்கு, "கைகாலக் கழுவிட்டு வந்து சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். முதலில் கல்யாணத்தை முடித்துவிட்டுப் போகட்டும் என்றாள். பிறகு அந்த ஊர்த் தண்ணி சேராது என்றாள். அதற்குப் பிறகு, "ஊழியம் செய்ய ஆப்பிரிக்காவுக்குத்தான் போணுமா? இங்கன செங்கோட்டையில சீக்காளியே இல்லையா?" என்றாள்.

"இதையேதானம்மா வேதக்கனி பெரியம்மாவும் கேட்டாங்க" என்றாள் ஷெர்லின். "அப்ப நானும் உன்கூட வந்திருந்தேன். 'கர்த்தர் கேக்கும்போது நாம கேள்வி கேக்கக் கூடாதுக்கா'ன்னு சொன்ன."

"அது வேற."

"எப்படி வேற?"

"அவன் ஆம்பளப் பிள்ள."

"கம்போடியா போன சுகந்தி அக்கா?"

"அதுவும் வேற."

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. "ஏட்டி, போவேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. போலாம்னா எழுதிக் குடு. ரெண்டும் இல்லாம ஏன் எங்க உயிர வாங்குத?" என்றேன்.

"நீங்க உங்க சிப்ஸப் பாருங்க" என்றாள்.

உண்மையைச் சொன்னால் மகள் போவது எனக்கும் பிடிக்கவில்லை. அதை நான் மகளிடமே சொல்லியும் விட்டேன். எனக்கு அதைச் சொல்ல வாய் இருந்தது. நான் யார் வீட்டுப் பிள்ளையையும் கேட்டுப் போய் நின்றதில்லை. லீதியாளுக்கு அந்த வாய் இல்லை. அதுதான் அவளைப் போட்டு அரித்தது. போகாதே என்றால் பதினைந்து வருஷம் மைக்கில் பேசியது அத்தனையும் பொய்யாகிவிடும். போ என்று சொல்ல வயிறு விடவில்லை.

கடையில் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடை சேக் மைதீன் விசாரித்தார். சொன்னேன். "எம் மவன் சவுதில தம்மாம் போயி ஒம்பது வருசமாச்சு அண்ணாச்சி" என்றார். "போறப்ப எந்தச் சங்கமும் எங்கிட்ட கடுதாசி கேக்கல. கேட்டிருந்தா நானும் எழுதிக் குடுத்திருக்க மாட்டேன்." ஆறுதல் சொல்ல வந்தவர் அதோடு தன் கடைக்குப் போய்விட்டார்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி, பகல் பதினோரு மணிக்கு, லீதியாள் டைப்பிங் கடையைப் பூட்டிவிட்டு ஐந்தருவிக்கே வந்து நின்றாள். "என்னைய அச்சன்புதூர்ல கொண்டு விடுங்க" என்றாள். அருவியில் கூட்டம் நெரிகிறது. சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தேன். வாதாடிப் பிரயோஜனமில்லை என்று சட்டியை சேக் மைதீனிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

வேதக்கனியக்கா வாசலில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். "வா லீதியா. தம்பி, வாங்க. ஷெர்லி போறாளாமே, ஸ்தோத்திரம்" என்றாள்.

லீதியாள் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "யக்கா, உங்கட்ட ஒண்ணு கேக்கணும். ஜெயசிங்க அனுப்பும்போது உங்களுக்கு எப்படிக்கா இருந்துச்சு?"

அக்கா கத்தரியைத் தட்டில் வைத்தாள்.

"இப்பதான் கேக்கியா?" என்றாள். "பன்னெண்டு வருசத்துல சபையில ஒருத்தரும் கேக்கல. அவன் போன அந்த வாரம் நீ வந்த. பாட்டுப் பாடின, ஜெபம் பண்ணின, காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்ட."

"எம்மேல கோவமாக்கா?"

"அவன் போனதுக்கு உம்மேல என்ன கோவம்? அவன் மனசு அங்கனதான் கெடந்துச்சு. நீ வரலன்னாலும் போயிருப்பான். நீ என்னமோ நீதான் அனுப்பி வச்சன்னு நெனச்சிட்டு இருக்க." எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவள் சொன்னதில் அது போய்விட்டது. "கோவம் வேற விசயத்துல. அவன் சனிக்கிழம சனிக்கிழம எனக்குப் போன் போடுவான். நல்லா இருக்கேம்மா, சாப்ட்டேம்மா, அம்புட்டுதான். உள்ளதெல்லாம் சபைக்கு எழுதுத கடுதாசிலதான் எழுதுவான். அது உன் கைக்கு வரும். மாசக் கடைசி ஞாயித்துக்கிழம நீ மைக்குல வாசிப்ப. அவன் மலேரியால எட்டு நாள் நெனவில்லாமக் கெடந்தான்னு நான் எங்கன வச்சுக் கேட்டேன் தெரியுமா? கோயில்ல, மூணாவது பெஞ்சுல. நீ வாசிச்சிட்டு, கர்த்தர் சுகம் தந்தார், ஸ்தோத்திரம்ன. எல்லாரும் ஸ்தோத்திரம்னாங்க. நானும் சொன்னேன். எந்திரிச்சு வெளிய போவ முடியல. அந்தக் கடுதாசி நாலு நாளா உன் வீட்லதான இருந்துச்சு? ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

அந்தக் கடிதம் எனக்கும் ஞாபகம் இருந்தது. எங்கள் வீட்டு மேஜையில்தான் கிடந்தது. நானும் எடுத்துப் படித்துவிட்டு, பையன் நன்றாக எழுதுகிறான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவனுக்கு அச்சன்புதூரில் ஒரு தாய் இருப்பது எனக்கும் தோன்றவில்லை. அந்த வாசலில் நின்றுகொண்டிருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிற லீதியாள் அக்காவின் முழங்காலில் கையை வைத்து அழுதாள். அக்கா அவளை அழவிட்டாள். பிறகு, "எழுதிக் குடு லீதியா" என்றாள். "நீ எழுதாட்டி அடுத்த வருசம் வேற சபையில வாங்கிட்டுப் போவா. அப்ப உம்மேல கோவத்தோட போவா. அது எதுக்கு?"

அன்று சாயங்காலமே கடிதம் அடித்தாயிற்று. கையெழுத்துப் போட்டபின் பேனாவால் கீழே ஒரு வரி சேர்த்தாள்: "விண்ணப்பதாரரின் தாய்க்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு."

"சங்கத்துக்காரங்க சிரிக்கப் போறாங்கட்டி" என்றேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும். முந்தின நாலு கடுதாசியிலயும் இது இருந்திருக்கணும்."

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் பொறுப்பை விட்டு விலகி, வேதக்கனியக்கா பெயரைச் சொன்னாள். இரண்டு மணி நேரம் வளவளவென்று பேசினார்கள். எட்டாம் வகுப்புதானே படித்திருக்கிறார், இங்கிலீஷ் தெரியாதே, சங்கத்துக்கு இமெயில் போட வேண்டுமே என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கிளப்பினார்கள். "இமெயில் நான் போட்டுக் குடுக்கேன். கடுதாசி அவங்க கைக்குத்தான் போணும்" என்று லீதியாள் போட்ட சத்தத்தில் குருவானவர் அக்கா பெயரையே எழுதிக்கொண்டு, ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தார்.

ஷெர்லின் ஜனவரியில் போனாள். வாரம் ஒருமுறை வீடியோவில் வந்து, "நல்லா இருக்கேன்மா, சாப்ட்டேன்மா" என்றாள். லீதியாள் போனை வைத்துவிட்டு அரைமணி நேரத்துக்கு என்ன கேட்டாலும் என்மேல் எரிந்து விழுவாள்.

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, உச்சி வெயிலில் வேதக்கனியக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த இரண்டு தாள் கையில் இருந்தது. சங்கத்திலிருந்து காலையில்தான் அவள் போனுக்கு வந்ததாம்.

"ஷெர்லி கடுதாசி. நாளைக்குக் கோயில்ல வாசிக்கணும்" என்றாள்.

லீதியாள் வாங்கினாள். ஒரு வரிகூடப் படிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். "நீங்களே வாசிங்கக்கா."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, நிதானமாக வாசித்தாள். ஆஸ்பத்திரி, வார்டு, மழை, அங்கே தின்கிற சோளக்களி எல்லாம் வந்தது. முதல் தாள் முடிந்தது. இரண்டாவது தாளை எடுத்தவள் வாசிக்காமல் கண்ணாடியைக் கழற்றி லீதியாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நல்லா இருக்கா, கேட்டியா?" என்றாள். "காலையில நானே போன் போட்டுப் பேசிட்டேன். எந்திரிச்சு டூட்டிக்குப் போயிட்டா. அத மொதல்ல மனசுல வச்சிக்கோ. இனி வாசிக்கேன்."