நடு ஆற்றில் திருப்பிய லேபல்

கொழும்பு பஸ் என்னைப் புளியந்தீவில் இறக்கிவிட்டபோது காலை 5.40. கட்டணம் நானூற்றிருபது ரூபாய், இடுப்பு வலி இலவசம். போர் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தும் வழியில் ஏழு இடத்தில் இறக்கி, பையைத் திறக்கச் சொல்லி, மறுபடி ஏற்றினார்கள். ஏழாவது இடத்தில் அவர்கள் கேட்கும் முன்பே நான் பையைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே இரண்டு சேலை, ஒரு படிவம். இந்தப் பயணமே அந்தப் படிவத்துக்காகத்தான்.

பஸ் நிலையத்தில் மலர் நின்றாள். விடுதியில் எனக்கு ஒரு வருடம் இளையவள். அவள் கணவன் ரவி சுனாமியில் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை, மோட்டார் சைக்கிள்தான் கிடைத்தது. அது வாவிக்கு அந்தப் பக்கம், அம்பிளாந்துறையில், மாமியார் வீட்டில் ஐந்து வருடமாகச் சாக்குப் போர்த்தி நிற்கிறது. இப்போது மலருக்கு உன்னிச்சையில் ஆசிரியர் நியமனம் வந்திருக்கிறது. அங்கே போகிற ஒரே பஸ் பள்ளிக்கூட மணி அடித்து ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் போய்ச் சேரும். ஆகவே அந்த மோட்டார் சைக்கிள் வேண்டும். அதை ஓட்ட இந்த வருட வரி லேபல் அதன் முன்னால் இருக்க வேண்டும். லேபல் எடுக்க, சைக்கிள் அவள் பெயருக்கு மாற வேண்டும். அதற்கு மனைவியோடு தாயும் கையொப்பமிட வேண்டும், மகன் இறந்துவிட்டான் என்று எழுதிய படிவத்தில். மாமி ஐந்து வருடமாக மாட்டேன் என்கிறார். அவர் கையொப்பம் வைத்தால் மிச்சத்தைக் கொழும்பில் மோட்டார் வாகன அலுவலகத்தில் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

"லேபல் இல்லாம ஓடினா உன்னிச்சைக் காட்டுக்குள்ள ஆர் பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"புள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போறவள் நான். சட்டமாத்தான் ஓடணும் அக்கா."

விடுதியிலும் இவள் இப்படித்தான். விளக்கணைக்கும் மணி அடித்தால் பாதி வசனத்தில் புத்தகத்தை மூடுவாள்.

7.15. கல்முனை பஸ். கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம் தாண்டிக் குருக்கள்மடம் வரை பதினெட்டுக் கிலோமீற்றர் இருக்கும். பாலத்தில் மலர் கடல் பக்கம் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

8.20. குருக்கள்மடத்துறை. இங்கே வாவியை ஆறு என்பார்கள், அதைக் கடக்கும் தட்டையான இரும்புப் படகைப் பாதை என்பார்கள். மனிதர், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றாக ஏறின. சைக்கிள்களின் முன் கவட்டில் லேபல் வைக்கும் வட்டச் சட்டத்தைக் காட்டி மலர் ஒரு கதை சொன்னாள்.

போர்க் காலத்தில் நாங்கள் ஏறிய கரை அரசாங்கத்திடம், எதிர்க்கரை இயக்கத்திடம். இந்தப் பக்கம் அரசாங்க லேபல் தெரிய வேண்டும். அந்தப் பக்கம் அவர்கள் கொடுத்த தாள் தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் வம்பு. அதனால் சட்டத்தின் இரண்டு முகத்திலும் ஒவ்வொன்றை வைத்திருப்பார்களாம். பாதை நடு ஆற்றுக்கு வந்ததும் எல்லோரும் குனிந்து திருகாணியைத் தளர்த்தித் திருப்பிவிடுவார்களாம்.

பாதைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரே நேரத்தில அம்பது பேர் குனிவாங்க. ஆத்தக் கும்பிடுறாங்க எண்டு நினைப்பீங்க," என்றார்.

நான் சிரித்தேன், மலர் சிரிக்கவில்லை. "ரவிட சைக்கிள் நாவலடியில, நாம ஏறின கரைப் பக்கம், கடலுக்கிட்ட கிடந்திச்சு. ஆனா அந்தக் கரைத் தாள்தான் வெளிய தெரிஞ்சது," என்று எதிர்க்கரையைக் காட்டினாள். "அதாலதான் மாமி கையெழுத்து வைக்கிறா இல்ல."

9.30. அம்பிளாந்துறை. மாமி எங்களை உட்காரவைத்துவிட்டு, நான் படிவத்தை எடுக்கும் முன்பே ஆரம்பித்தார். "அவன் நடு ஆத்தில வெச்சித்தான் திருப்புவான் மகள். வீட்டுப் பக்கம் திரும்பி இருந்திச்சா இல்லியா? அப்ப அவன் கடலுக்கிட்ட நிக்கல்ல. வீட்ட வந்துகொண்டு இருந்தவன். சைக்கிள ஆரோ மறுகா கொண்டுபோய் அங்க போட்டிருக்காங்க. என்ட புள்ள எங்கயோ இருக்கான்."

வழக்கறிஞர்கூட அசைக்க முடியாத வாதம். நான் மலரைப் பார்த்தேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"மாமி, அவர் திருப்புறதில்ல."

"என்ன?"

"ஒரு நாளும் அவர் திருப்பினதில்ல. பாதை ஆடும், அவர் ஹேண்டிலப் புடிச்சிட்டு நிப்பார். பின்னால இருக்கிற நான்தான் இறங்கித் திருப்புற. அண்டைக்கு நான் போகல்ல. சின்னச் சண்டை. சாறி மாத்தப் பிந்திட்டன், நீ எப்பவும் இப்படித்தான் எண்டார். அப்ப நீங்களே போங்க எண்டன். தனியாப் போனார். திருப்ப ஆளில்ல. இஞ்ச இருந்து போனபடியே அங்க கிடந்திச்சு. அவ்வளவுதான் மாமி."

சுனாமி வந்த அன்று சமாதானக் காலம், போயா என்கிற பௌர்ணமி விடுமுறை. துறையில் தாள் மாறித் தெரிந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஐந்து வருடம் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டாள், தூங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் மாமியின் நம்பிக்கை போய்விடும். சண்டை போட்டு அவனைத் தனியாக அனுப்பியதும் தெரிந்துவிடும். இரண்டுக்கும் பயந்திருக்கிறாள்.

மாமி எழுந்து கொட்டிலுக்குப் போய்ச் சாக்கை இழுத்துப்போட்டார். வெளிமுகத்துத் தாளில் எழுத்தையெல்லாம் கடல் உப்பு தின்றுவிட, மங்கிய நிறம் மட்டும் இருந்தது. அந்த நிறத்தை அடையாளம் கண்டாலே இன்றைக்கும் வம்புதான்.

"அப்ப நீயும் போயிருந்தா," என்று தொடங்கிய மாமி நிறுத்தினார். பிறகு, "பிந்தினது நல்லம் புள்ள," என்றார்.

மலர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமி என்னிடம் கை நீட்டினார். "தா மகள் அந்தக் கடதாசிய." எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுத நாலைந்து நிமிடம் எடுத்தார். முடித்ததும் சட்டத்திலிருந்து அந்த மங்கிய தாளை உருவி அடுப்பில் வைத்தார். அந்த அடுப்பில்தான் எங்களுக்குத் தேத்தண்ணீர் வைத்துத் தந்தார்.

1.30. இரண்டு பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு துறைக்கு வந்தோம். மலர் அதை ஒரு முழம்கூட ஓட்ட மறுத்துவிட்டாள். பாதை நகர்ந்தது. அவள் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் இருக்கையைப் பிடித்திருந்தேன்.

நடு ஆறு வந்ததும் திரும்பாமலே சொன்னாள். "அக்கா, திருப்பிவிடுங்க."

முன்னால் போய்க் குனிந்தேன். திருகாணி துருப்பிடித்திருந்ததால் சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துத்தான் அசைக்க முடிந்தது. சட்டம் திரும்பியது. அரசாங்க லேபல், 2004, ரவியின் பெயர். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

துறையில் பொலிஸ்காரர் குனிந்து வாசித்தார். "இது 2004," என்றார் கொச்சைத் தமிழில்.

"ஓம் சேர். உருட்டிட்டுத்தான் போறம். புதுசு எடுத்த புறகுதான் ஓடுவன்," என்றாள் மலர்.

அவர் வருடத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு தடையை நகர்த்தினார்.

மாலை 6.30க்குக் கொழும்பு பஸ். படிவத்தைச் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வீட்டு வாசல்தோறும் நிற்கிற ஒவ்வொரு வாகனத்திலும் ஒரு வட்ட லேபல் இருக்கிறது. வரி கட்டிய துண்டு என்பதற்கு மேல் அதை நான் நினைத்ததில்லை. முதல் சோதனைச் சாவடியில் சிப்பாய் படிவத்தை விரித்து, என்ன இது என்று கேட்டார்.

"மோட்டார் சைக்கிள் லேபலுக்கு," என்றேன். "தாய் கையெழுத்து வெச்சிருக்கிறா."