ஏரிக்கரை வீட்டு நிறைகுடம்

பாச்சை உருண்டை வாசனை வந்தால் உங்களுக்குப் பட்டுப்புடவை நினைவுக்கு வரலாம். எனக்கு மீன்தான். போன வாரம் குளிர்கால ஸ்வெட்டர்களை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். "என்ன ஆச்சு?" என்றாள் மனைவி. "கேம்ப் திறக்கப் போயிருந்தேன்." "போயிட்டு வந்து அந்தப் பெட்டிய மேல ஏத்துங்க" என்றாள்.

எண்பதுகளில் நாங்கள் அமெரிக்காவில், நியூஜெர்சியின் பிஸ்கட்டவேயில் இருந்தோம். அக்கா ஸ்பான்சர் பண்ணி வந்த நான் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். கீழ் அப்பார்ட்மென்ட்டில் முருகேசன் அண்ணனும் சரோஜா அண்ணியும். அண்ணன் பெரிய இன்ஜினியர், அதைவிடப் பெரிய மீன் பைத்தியம். வடக்கே, நியூயார்க் மாநிலத்தின் கோடியில், ஏரிக்கரையில் ஒரு பழைய மரவீட்டை வாங்கிப் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் அதற்குக் கேம்ப் என்று பெயர். கூடாரமெல்லாம் கிடையாது, கூரை இருந்தது. ஒழுகவும் செய்தது.

குளிர் வருமுன் பூட்டுவோம், ஏப்ரலில் திறப்போம். பூட்டுவது தனிக் கலை. குழாயில் சொட்டுத் தண்ணீர் நின்றாலும் உறைந்து வெடித்துவிடும் என்று அண்ணன் மோட்டார், பைப் எல்லாவற்றையும் வடிப்பார். கெட்டிலைக்கூடக் கவிழ்த்து வைப்பார். எலிக்காக மெத்தைகளுக்கு நடுவே பாச்சை உருண்டை போடுவது என் இலாகா.

நான் சொல்ல வந்த வருடம், பிஸ்கட்டவேயில் மஞ்சள் பூ பூத்துவிட்டது, வடக்கே போகப் போகக் காலம் பின்னால் நகர்ந்தது. ஏரியின் ஓரங்களில் இன்னும் பனிக்கட்டி. அண்ணனும் நானும் முதலில் போய்த் திறப்பது, அடுத்த சனிக்கிழமை அண்ணியை என் மனைவி கூட்டி வருவது என்று ஏற்பாடு. அண்ணி அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. அதனால் அண்ணன் அந்த வருடம் சிரிப்பதைக்கூட மெதுவாகச் சிரித்தார்.

கதவைத் திறந்தால் அதே வாசனை. சமையல் மேடையில் அண்ணியின் பித்தளைக் குடம், கல்யாணச் சீரில் வந்தது. போன குளிருக்கு முன் வீட்டைப் பூட்டிக் கிளம்பியபோது, கடைசியாக வெளியே வந்தவர் அண்ணி. வீட்டைக் காலியாக விட்டுப் போகக் கூடாது என்று அவர்கள் வீட்டு வழக்கப்படி ஏரித் தண்ணீரை விளிம்புவரை நிறைத்து வைத்திருக்கிறார். கெட்டிலைக் கவிழ்த்த இன்ஜினியர் அதைப் பார்க்கவில்லை. குடத்தின் அடி உப்பி, இடுப்பில் நீளமாக ஒரு பிளவு. உள்ளிருந்து பனிக்கட்டி வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத அவ பாக்கக் கூடாதுடா."

"ஏண்ணே?"

"நிறைகுடம்டா. அவ இப்ப இருக்கற நிலைமையில..." எழுந்து போய்க் குடத்தைத் திருப்பி, பிளவைச் சுவர்ப்பக்கம் வைத்தார்.

"திருடன் எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிடலாம்" என்றார்.

"டிவிய விட்டுட்டுக் குடத்தத் தூக்கிட்டுப் போனானா? இவ்ளோ பெரிய ஏரி இருக்கற ஊர்ல?"

கடைசியில் கரையில் கவிழ்த்திருந்த படகுக்கு அடியில் ஒளித்தோம். அந்த வாரம் முழுக்க மீன் பிடிக்கவில்லை. படகை நிமிர்த்தினால்தானே?

சனிக்கிழமை அண்ணி காரிலிருந்து இறங்கினார். கோட்டுப் பொத்தான் வயிற்றுக்கு மேல் பூட்டாமல் கிடந்தது. சமையலறைக்குப் போனவர் உடனே திரும்பினார். "குடம் எங்க?"

அண்ணனுக்குப் பொய் வராது. வாய் திறப்பதற்குள் கண் படகுப் பக்கம் போய்விட்டது. அண்ணி மெல்ல நடந்து போய், குனிய முடியாமல், "தூக்குடா" என்றார் என்னிடம். தூக்கினேன்.

வெகுநேரம் பிளவின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கா ஒரு வாரமா போன்ல ஒரு மாதிரி பேசினீங்க?" என்றார் அண்ணி. "உள்ள இருந்தது பெருசாச்சு, இடம் பத்தல. என் கோட்டு மாதிரி. அதுக்கு யாராவது அழுவாங்களா?"

அண்ணன் அழுதுகொண்டுதான் இருந்தார்.

ஜூனில் மீனா பிறந்தாள். அதன்பிறகு கேம்ப்பைப் பூட்டும்போது, பிளவை உள்ளே துணி வைத்து அடைத்து, அண்ணி குடம் நிறைய அரிசி போட்டு, தட்டால் மூடி மேலே கல்லும் வைப்பார். அரிசி உறையாது பாருங்கள். ஏப்ரலில் போனதும் அந்த அரிசியில்தான் முதல் சோறு. பாச்சை உருண்டை வாசனை கொஞ்சம் இருக்கும். மீன் குழம்பு ஊற்றினால் தெரியாது.

மீனா வளர்ந்தாள், சனிக்கிழமைகளை அவளுடைய கால்பந்து எடுத்துக்கொண்டது. கேம்ப்பை விற்றார்கள். பிறகு அண்ணனும் போய்விட்டார். அண்ணி இப்போது டெக்சாஸில், இர்விங்கில் மீனாவோடு இருக்கிறார். வாசலில் அந்தக் குடத்தில்தான் மீனா குடைகளைச் செருகி வைத்திருக்கிறாளாம்.

பெட்டியை மேலே ஏற்றிவிட்டு அண்ணிக்கு போன் போட்டேன். "ஏன் அண்ணி, இப்பல்லாம் அரிசி போட்டு வைக்கறதில்லையா?"

"எங்கேயாவது கிளம்பினாத்தானேடா நிறைச்சு வைக்கணும்" என்றார். "கிளம்ப இவரு எங்க இருக்காரு?"